பதினைந்து டிகிரியும் ஒரு பி.காமும்

கிரிக்கெட்டில் ஒருத்தனை அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. ‘எறியறான்’ என்று சொன்னால் போதும்.

பரம்பரையை இழுத்துத் திட்டினாலும் சிரித்துக்கொண்டே போகிற பையன்கூட, இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் பந்தைக் கீழே போட்டுவிட்டு மல்லுக்கு நிற்பான். காரணம் இருக்கிறது. ‘எறியறான்’ என்றால் ‘திருடறான்’ என்று அர்த்தம். உன் வேகம் உன்னுடையது இல்லை, நீ எடுத்த விக்கெட் உன்னுடையது இல்லை, மொத்தத்தில் நீயே போலி என்று அர்த்தம்.

நான் கிரிக்கெட் நிபுணன் இல்லை. படித்தது பி.காம். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராது. என் தகுதி அவ்வளவுதான். ஆனால் இந்த எறிகிற விவகாரத்துக்கு அந்தத் தகுதியே போதும். ஏனென்றால் கிட்டப் போய்ப் பார்த்தால் இதுவும் ஒரு கணக்கு விவகாரம்தான். தணிக்கை, வரவு, செலவு, ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு எல்லாம் இதில் உண்டு.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. ஊர்ப் பேரைச் சொன்னால் சங்கீதக்காரர்களுக்குக் கிருஷ்ணன் அவர்களின் நாகஸ்வரம் ஞாபகம் வரும். வியாபாரிகளுக்கு மஞ்சள் ஞாபகம் வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை உள்ளூர்க்காரர்கள்தான் சொல்வோம்: டென்னிஸ் பந்து கிரிக்கெட். தை, மாசியில் வெந்த மஞ்சள் காய்கிற களம், அறுவடை முடிந்ததும் பிட்ச் ஆகிவிடும். மஞ்சள் வாசனையோடு மைதானம் வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்!

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்சில், பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் பந்து வீசினான். ஸ்டம்ப் பறந்தது. அவுட்டான அண்ணன் நகரவில்லை.

“ஏந்தம்பி, இது பௌலிங்கா, மாங்கா அடிக்கிறதா?”

“கை நேராத்தானுங்ணா வருது. வேணும்னா பாத்துக்கங்க.”

“என்னத்தப் பாக்கறது? எறியற. ஊரே பாத்துச்சு.”

அம்பயராக நின்றவர் கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். இரண்டு பக்கமும் பார்த்தார். “எனக்குக் கண்ணாடி பவர் மாத்தணும் சாமி. பொதுவா ஒரு நோ-பால் வெச்சுக்கலாம், சண்டை வேண்டாம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

வேடிக்கை பார்த்தவர்கள் இருபது பேர் இருப்போம். பத்துப் பேர் ‘எறிதான்’ என்றார்கள். பத்துப் பேர் ‘சுத்தம்’ என்றார்கள். அறிவியல் என்ன சொல்கிறது தெரியுமா? இருபது பேருமே பார்க்கவில்லை!

கண் கட்டுகிற வித்தை

வேகமாகப் பந்து வீசுகிறவனின் கை, தோள் உயரத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரலை விட்டுப் போகிற கணம் வரை ஆகிற நேரம், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். சாதாரண டி.வி. ஒளிபரப்பு விநாடிக்கு 25 படம் காட்டுகிறது. அந்தக் கணக்கில் நமக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ படம். இரண்டு போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று தீர்ப்பு எழுத முடியுமா?

இன்னொரு சங்கடம், சட்டமே நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. ‘முழங்கை மடங்கவே கூடாது’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மடங்கிய கையோடு ஆரம்பித்து, அதே மடிப்போடு பந்தை விட்டால் குற்றமே இல்லை. மடங்கிய முழங்கை நடுவழியில் எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் பாஷையில் சொன்னால் ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு. கை தோள் உயரத்துக்கு வரும்போது முழங்கை மடிப்பு 30 டிகிரி, பந்தை விடும்போது 20 டிகிரி என்றால் வித்தியாசம் 10. பாஸ். ஆரம்பத்தில் 25, விடும்போது 5 என்றால் வித்தியாசம் 20. ஃபெயில். இரண்டாவது ஆளின் கை பார்ப்பதற்கு நேராக இருக்கும். முதல் ஆளின் கை கோணலாக இருக்கும். ஊர் யாரைத் திட்டும்? முதல் ஆளைத்தான்!

அனுமதிக்கப்பட்ட எல்லை 15 டிகிரி. அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். நிமிட முள் பன்னிரண்டிலிருந்து இரண்டரை நிமிஷம் நகர்ந்தால் 15 டிகிரி. அவ்வளவே. ஆபீஸ் வருகைப் பதிவேட்டில்கூட இதைவிடக் கருணை உண்டு. அந்த இரண்டரை நிமிஷத்துக்குள் எத்தனை பேர் வாழ்க்கை நின்று திரும்பியிருக்கிறது என்பதுதான் சங்கதி.

கண்டி தந்த பாடம்

1995 டிசம்பர் 26. மெல்பர்ன் மைதானம். இலங்கையின் கண்டியிலிருந்து போன தமிழர் முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். ஆஸ்திரேலிய அம்பயர் டாரல் ஹேர் கையை நீட்டுகிறார். நோ-பால். மறுபடி நோ-பால். அன்றைக்கு மொத்தம் ஏழு தடவை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் மத்தியில் ஒரு மனிதனை ஏழு தடவை ‘நீ எறிகிறாய்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்!

அதன் பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவர் கையை அளந்தார்கள். பிறவியிலேயே அவருக்கு முழங்கை முழுசாக நிமிராது என்று தெரிந்தது. அந்த நிரந்தர மடிப்பு, தோளும் மணிக்கட்டும் சுழல்கிற விதத்தோடு சேர்ந்துகொண்டு, கை நிமிர்வது போல ஒரு தோற்றத்தைக் கொடுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் கானல் நீர்.

2004-இல் அவருடைய ‘தூஸ்ரா’ பந்துமேல் மறுபடி புகார் வந்தது. அவரே கையில் ஒரு கெட்டியான பட்டையை மாட்டிக்கொண்டு, முழங்கை அசையவே முடியாத நிலையில், கேமரா முன்னால் அதே பந்துகளைப் போட்டுக் காட்டினார். அப்போதும் கை நிமிர்வது போலவே தெரிந்தது!

இதற்கு நடுவே இன்னொரு வேடிக்கை. அதற்கு முன்னால் இருந்த எல்லை, சுழல் பந்துக்கு 5 டிகிரி, மித வேகத்துக்கு 7.5, வேகப் பந்துக்கு 10. ஐ.சி.சி. ஆராய்ச்சியாளர்களை வைத்து மற்ற பந்து வீச்சாளர்களின் கையையும் ஆராய்ந்தது. பார்த்தால், ‘சொக்கத் தங்கம்’ என்று பேர் வாங்கியவர்கள் உட்பட, அநேகமாக எல்லோருடைய முழங்கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ஆபீஸில் ஒருத்தரை ‘லேட்’ என்று பிடித்து நிறுத்தி, பிறகு கடிகாரத்தைச் சரிபார்த்தால் மேனேஜரும் லேட் என்று தெரிந்த கதை! கடைசியில் 2005 மார்ச்சிலிருந்து, வேகமோ சுழலோ, எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி என்று ஆயிற்று. அதற்கு மேல் போனால்தான் சாதாரணக் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும் என்பது காரணம்.

(உலகம் ஒரு பந்து வீச்சாளனுக்கு 15 டிகிரி தருகிறது. எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல வேலை வாங்க நான் பட்ட பாடு தனிக் கட்டுரை.)

கண் எப்படி ஏமாறுகிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். ஆபீஸில் யாரும் பார்க்காத நேரத்தில் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்பக்கம் திருப்புங்கள். முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி உடம்பை விட்டு லேசாக வெளியே சாய்ந்திருக்கும். எல்லோருக்கும் உள்ள இயற்கைக் கோணல் அது. சிலருக்கு அதிகம், சிலருக்குக் கம்மி. இப்போது முழங்கையை மடக்காமல், கையை மட்டும் உள்ளே வெளியே சுழற்றுங்கள். எதிரே இருப்பவருக்கு உங்கள் கை மடங்கி நிமிர்கிற மாதிரியே தெரியும். சும்மா நிற்கும்போதே இந்த மாயம். அதே கை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சுழன்று போனால் நம்ம கூட்டுறவு சொசைட்டிப் பெரியவர் பாவம், என்ன செய்வார்?

முதலீடு இருபது, வரவு நூற்று நாற்பது

சரி, முழங்கை ஏன் நிமிரப் பார்க்கிறது? அங்கேதான் பயோமெக்கானிக்ஸ் என்கிற உடல் இயக்கவியல் வருகிறது. பேர்தான் பெரிசு. விஷயம் நம்ம டவுன் பஸ்ஸில் கிடைக்கும்.

வேகப் பந்து வீச்சாளன் சுமாராக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வருகிறான். பந்து 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முதலீடு 20, வரவு 140. எந்தச் சிட்பண்டிலும் இல்லாத லாபம்! எங்கிருந்து வந்தது?

‘கையில் பலம்’ என்பது ஊர் பதில். தப்பு. பலம் தரையிலிருந்து வருகிறது.

ராசிபுரம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சடன் பிரேக் அடிக்கிறார். கால் நின்றுவிடும். தலையும் நெஞ்சும் முன்னால் பாய்ந்து, முன் சீட்டுக்காரர் மேல் விழுவீர்கள். பந்து வீச்சாளன் செய்வதும் அதே காரியம்தான். ஓடி வந்து முன்காலை ஊன்றுகிறானே, அதுதான் சடன் பிரேக். அந்த ஒரு கணத்தில் அவன் எடையைப் போல ஐந்தாறு மடங்கு விசையை முன்கால் வாங்கிக்கொள்கிறது. கால் நிற்க, இடுப்பு முன்னால் போகும். இடுப்பு நிற்க, நெஞ்சு பாயும். நெஞ்சு நிற்க, தோள் சுழலும். பிறகு கை, மணிக்கட்டு, கடைசியில் விரல். ஒவ்வொருத்தரும் தான் நின்று, தன் வேகத்தை அடுத்தவருக்குக் கைமாற்றிக் கொடுக்கிறார்கள். கனமான இடத்திலிருந்து லேசான இடத்துக்கு வர வர வேகம் கூடிக்கொண்டே போகும். வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடி மெல்ல அசைய, நுனி ‘பட்’டென்று வெடிக்கிறதே, அதே தத்துவம்.

டி.வி.யில் பணக்காரர்கள் கோல்ஃப் ஆடும்போது கவனியுங்கள். மட்டை இன்னும் தலைக்கு மேலே இருக்கும்போதே இடுப்பு இலக்கைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்துவிடும். இடுப்பு, மார்பு, கை, மட்டை என்று வரிசை மாறாமல் வரும். புதிதாக ஆட வருகிறவர் கையால் முந்துவார், பந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். கோல்ஃப் மட்டைக்கும் நம்ம டென்னிஸ் பந்துக்கும் சொத்து மதிப்பில்தான் வித்தியாசம். உடம்புக்குள் ஓடும் கணக்கு ஒன்றே.

இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் 20 வேகப் பந்து வீச்சாளர்களை அளந்து 2013-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். யார் வேகமாகப் போடுகிறார்கள்? வேகமாக ஓடி வருகிறவர்கள். பந்தை விடும்போது முன்கால் முட்டி நிமிர்ந்து இருப்பவர்கள். நெஞ்சை நன்றாக முன்னால் வளைப்பவர்கள். நான்காவதுதான் முக்கியம்: கையை அவசரப்படுத்தாமல், முன்கால் ஊன்றுகிறபோது இன்னும் பின்னாலேயே வைத்திருப்பவர்கள். கவனித்தீர்களா? நான்கில் ஒன்றுகூட ‘புஜபலம்’ இல்லை. கை தாமதமாக வருவதுதான் கெட்டிக்காரத்தனம்!

இப்போது எறிகிறவன் கதை புரியும். இந்தச் சங்கிலியில் யாரோ ஒருத்தர் தூங்கிவிட்டால், உதாரணமாக முன்கால் முட்டி மடங்கி பிரேக் பிடிக்காவிட்டால், கடைசியில் இருப்பவர் ஓவர்டைம் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஓவர்டைம் ஆசாமிதான் முழங்கை. வேகம் குறைகிறதே என்று மடங்கிக்கொண்டு வந்து ‘சடக்’கென்று நிமிர்ந்து கொடுக்கும்.

டென்னிஸ் பந்தில் இது இன்னும் சுலபம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து 156-லிருந்து 163 கிராம். லேசான பந்தை இடுப்பு, முதுகைத் தொந்தரவு செய்யாமல் கையாலேயே சுண்டிவிடலாம். பத்து வருஷம் அப்படிச் சுண்டிப் பழகினவனுக்கு எது தன் ஆக்‌ஷன், எது பழக்கம் என்று எப்படித் தெரியும்? அவன் திருடவில்லை சார். அவன் உடம்பு ஒரு குறுக்கு வழியைக் கற்றுக்கொண்டுவிட்டது. கள்ளக் கணக்கு வேறு, கணக்கில் பிழை வேறு. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

போரூரில் ஒரு தணிக்கை

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கிற இடம் ஒன்று நம்ம சென்னையிலேயே இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் உள்ள பயோமெக்கானிக்ஸ் ஆய்வுக்கூடம். ஐ.சி.சி. அங்கீகாரத்தோடு பந்து வீச்சாளர்களைச் சோதித்த இடம். உடம்பில் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டிவிடுவார்கள். சுற்றிலும் பத்துக்கு மேற்பட்ட அதிவேகக் கேமராக்கள். பந்து வீச வேண்டியதுதான். கம்ப்யூட்டர் அந்த உருண்டைகளை மட்டும் பின்தொடர்ந்து, முழங்கை எத்தனை டிகிரி நிமிர்ந்தது என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். பார்க்கிறவர் மூக்குக் கண்ணாடிக்கு வேலையே இல்லை.

2015-இல் அங்கே வந்தவர்களைப் பாருங்கள். மேற்கு இந்தியத் தீவுகளின் சுனில் நரைன். பாகிஸ்தானின் சயீத் அஜ்மல், முகமது ஹபீஸ். அஜ்மல் 2014-இல் தடை செய்யப்பட்டவர். கையைத் திருத்திக்கொண்டு சென்னையில் சோதனை கொடுத்து, 2015 பிப்ரவரியில் அனுமதி வாங்கினார். அதே வருஷம் ஜூலையில் சென்னையில் சோதனை கொடுத்த ஹபீஸுக்கு ஒரு வருஷத் தடை கிடைத்தது. இந்திய மண்ணில் பாகிஸ்தான் ஆட்டக்காரருக்குப் பாஸும் கிடைத்தது, ஃபெயிலும் கிடைத்தது. டிகிரிக்குத் தேசம் கிடையாது.

ஆனால் திருத்துவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி வாங்கித் திரும்பிய அஜ்மலின் பந்தில் பழைய விஷம் இல்லை. அந்த வருஷத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. இருபது வருஷம் வலது கையால் எழுதினவனை ‘நாளையிலிருந்து எழுத்தை மாற்று, வேகம் மட்டும் குறையக் கூடாது’ என்று சொல்வது போன்ற காரியம் இது.

சின்னப்பம்பட்டிக்காரர்

அதனால்தான் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கதையைச் சொல்கிறேன். சேலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் சின்னப்பம்பட்டி. அங்கே 1991-இல் பிறந்தவர் தங்கராசு நடராஜன். அப்பா தறி வேலைக்குப் போனவர். அம்மா ரோட்டோரம் கடை போட்டவர். இருபது வயசு வரை டென்னிஸ் பந்துதான். ஊர் ஊராக டென்னிஸ் பந்துப் போட்டிகளில் இடது கையால் யார்க்கர் போட்டுப் பேர் வாங்கினார். உள்ளூரில் அவருக்கு வழிகாட்டிய ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அனுப்பி வைத்தார். நாலாம் டிவிஷன் லீக்கில் ஆரம்பித்து, படிப்படியாக மேலே வந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம். எதிரே வங்காள அணி.

அந்த முதல் ஆட்டத்திலேயே புகார். ‘பந்து வீச்சு சந்தேகத்துக்குரியது.’

நினைத்துப் பாருங்கள். சிபாரிசு இல்லாமல், வசதி இல்லாமல், ஒரு பையன் டென்னிஸ் பந்திலிருந்து ரஞ்சி வரை ஏறி வந்திருக்கிறான். வாசலிலேயே நிறுத்தி, ‘நீ வந்த வழியே தப்பு’ என்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் தறி இருக்கிறது. ‘அப்பவே தெரியும்’ என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். நம்மில் பலர் பஸ் ஏறியிருப்போம்.

அவர் ஏறவில்லை. முன்னாள் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் சுனில் சுப்ரமணியம், டி.வாசு, எம்.வெங்கட்ரமணா ஆகியோர் துணையோடு, சுமார் ஒரு வருஷம் தன் பந்து வீச்சைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார். மேட்ச் இல்லை, கைதட்டல் இல்லை. காலையில் ஓடி வருவது, ஊன்றுவது, விடுவது. மறுநாளும் அதுவே. ஓடுகிற வண்டியில் டயர் மாற்றுகிற வேலை!

2016-இல் டி.என்.பி.எல். போட்டியில் திண்டுக்கல் அணிக்காகத் திரும்பி வந்தார். அதே யார்க்கர், இப்போது சுத்தமான கையோடு. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்ச ரூபாய். பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடி ரூபாய்க்கு. (வணிகவியல்காரன் என்ற முறையில் இந்த வரியை இரண்டு தடவை படித்தேன். முப்பது மடங்கு.)

2020 ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்காக 16 விக்கெட். ஏ.பி.டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை இன்றைக்கும் சேலம் பக்கம் டீக்கடைகளில் நடித்துக் காட்டுவார்கள். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பயிற்சியில் பந்து போடப் போனவர், டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெர்ராவில் ஒரு நாள் போட்டி, 4-ஆம் தேதி அங்கேயே டி20, 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் ஆடினார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அந்த டெஸ்டில் இந்தியா ஜெயித்தது, தொடரும் நமக்கு வந்தது.

2015-இல் அந்தப் புகாரோடு கதை முடிந்திருந்தால்? சின்னப்பம்பட்டியில் இன்னொரு தறிக்காரர். ‘நல்லாத்தான் போட்டான், ஆனா எறிவான்’ என்று ஒரு வரிச் சரித்திரம். ஊருக்கு ஊர் அப்படி ஒரு வரிச் சரித்திரத்தோடு முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நடராஜனே இதை உணர்ந்தவர் போலச் சொந்த ஊரில் ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்கு

உங்கள் டீமிலும் ஒரு ‘எறிகிற’ பையன் இருப்பான். போரூர் வரை போக வேண்டியதில்லை. இப்போதைய செல்போன்கள் பலவற்றில் விநாடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷன் வசதி இருக்கிறது. நம் வீட்டு டி.வி.யைவிடப் பத்து மடங்கு. பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று எடுத்து அவனுக்கே காட்டுங்கள். ஒன்று ஞாபகம்: அது தட்டையான படம். கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கோணம் பொய் சொல்லும். அதனால் அதைத் தீர்ப்புக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் கையைப் பார்க்காதீர்கள். முன்காலைப் பாருங்கள். முட்டி பிரேக் பிடிக்கிறதா, மடங்கி விடுகிறதா? பாதி வியாதி அங்கேதான் இருக்கும்.

இன்னொரு விஷயம் முதுகு. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, பந்து விடும் நேரத்தில் முறுக்கிக்கொள்கிற கலப்பு ஆக்‌ஷன் கீழ்முதுகு எலும்பில் கீறல் விட வைக்கும். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கே 1973-இல் முதுகெலும்பில் முறிவு வந்து, ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி உடம்பைக் கட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்த அனுபவஸ்தர்தான் 1987-இல் சென்னையில் ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். வேகப் பந்துப் பயிற்சி மையத்துக்கு வந்து, இருபத்தைந்து வருஷம் நம்ம பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அவருக்கே அந்தக் கதி என்றால், ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து லெட்ஜர் பார்த்துவிட்டு ஏழாம் நாள் காலையில் டீயைக் குடித்த கையோடு ‘புது பால் எனக்குத்தான்’ என்று ஓடுகிற நமக்கு? பத்து நிமிஷம் மெதுவாக ஓடுங்கள். நாலு பந்து பாதி வேகத்தில் போடுங்கள். முதுகு ஒன்றுதான், அதற்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

கடைசியாக, நம்ம வாய்க்கு ஒரு பயிற்சி. ‘எறியறான்’ என்று ஒருவனைச் சொல்வதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. அதைத் திருத்திக்கொண்டு அவன் மேலே வர ஒரு வருஷம் ஆகும், அதுவும் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால். கணக்கில் வித்தியாசம் வந்தால் நல்ல ஆடிட்டர் முதலில் போலீஸைக் கூப்பிட மாட்டார். ‘தம்பி, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மறுபடி கூட்டிப் பாரு’ என்பார்.

அந்த ஆடிட்டரைப் போல நாலு அண்ணன்கள் ஊருக்கு ஊர் இருந்தால் போதும். ஸ்டம்ப் பறந்த கோபம் ஆறுகிற வரைக்கும் பொறுங்கள். நிமிட முள் இரண்டரை நிமிஷம் நகர்ந்தால் சரியாக 15 டிகிரி!